ஒரு லாரி பழைய சாமான்

ஜூன் 19, திங்கள்

முப்பது வருடத்துக்கு முன்னால் ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அன்றைக்குப் பாடம், எந்தப் பொருளையும் ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பது. நான் மேசை மேல் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்து, கரைவது எல்லாம் எங்கே போகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் பேச்சித்தாய் எழுந்தாள். “டீச்சர், ஒண்ணுமே அழியாதுன்னா, நாம தூரப் போடுற சாமானெல்லாம் எங்க போயி இருக்கும்?” வகுப்பு சிரித்தது. நல்ல கேள்வி, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் ஆண்டாய்வு. அதற்கு மறுநாள் வேறு பாடம் வந்துவிட்டது.

நான் சொல்லாத பதிலை அவளே தெரிந்துகொண்டாள். இந்தக் கோவில்பட்டியில் எங்கள் ஆசிரியர் காலனிக்குக் குப்பை வண்டி கொண்டுவருகிறவள் இப்போது அவள்தான். காலையில் வண்டி. மதியம் ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கு. அவளும் அவள் குழுவில் இன்னும் ஆறு பெண்களும் வெயிலில் குனிந்து மக்குவதை ஒரு பக்கம், மக்காததை ஒரு பக்கம் என்று பிரிக்கிறார்கள். ஒரு வேப்பமரம்கூட அங்கே கிடையாது.

இன்று வந்தபோது வலது கையில் துணி சுற்றியிருந்தாள். யாரோ டியூப் லைட்டை உடைத்துச் சோற்றுக் கழிவோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

“எந்தத் தெருவுல?” என்றேன்.

“அது எதுக்கு டீச்சர். கை என்னமோ எங் கைதான்.”

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். காலனிக் கடைசியில் நகராட்சி கட்டிப் பூட்டி வைத்திருக்கிற பெரிய கொட்டகை, குப்பை பிரிப்பதற்குத்தானாம். மேலே கூரை, உள்ளே மேசை, மின்விசிறி, குழாய் எல்லாம் இருக்கிறது. சுகாதார ஆய்வாளர் சொன்னாராம்: ஜூலை 31க்குள் இந்தக் காலனியிலிருந்து மட்டும் ஒரு லாரி பழைய சாமான், வகை பிரித்து, பின்கதவு மட்டத்துக்குச் சேர்த்துக் காட்டினால், கொட்டகையை இவர்கள் குழுவுக்கே எழுதிக் கொடுத்துச் சாவியும் தருகிறேன், இல்லையென்றால் வெளியூர் ஒப்பந்தக்காரருக்குப் போய்விடும்.

“ஒப்பந்தக்காரர் ஆளோட வருவாரு டீச்சர். நாங்க கிடங்குலயே கிடக்க வேண்டியதுதான்” என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நாளைக்கு வெயில் அடிக்கும் என்பது மாதிரி சொன்னாள்.

எனக்குக் கை பரபரக்கிறது. காலனியில் நூற்று நாற்பது வீடு. ஒரு வகுப்பில் நாற்பது பேர் ஆளுக்கு ஒரு பென்சிலைச் சீவினாலே கூடை நிறைந்துவிடும். வீட்டுக்கு ஒரு பரண் வைத்துக்கொண்டு ஒரு லாரி நிறைக்க முடியாதா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அஞ்சலகத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து செய்தித்தாளை விட்டுத் தலையை எடுப்பதில்லை. “பழைய இரும்புக்காரன் பேரீச்சம்பழமாவது தருவான். நீ என்ன தருவே?” என்றார்.

“வணக்கம் சொல்வேன்.”

“அப்ப ஒரு லாரி வணக்கம் வேணும்.”

ஜூன் 20, செவ்வாய்

அறிக்கை எழுதிப் படி எடுத்தாயிற்று. “மூன்று வருடமாக நீங்கள் தொடாத எதுவும் எங்களுக்கு வேண்டும்.” உடைந்த மிக்சி, கால் போன நாற்காலி, ஒயர், பாட்டில், தகரம், ஓட்டைப் பாத்திரம், பழைய செருப்பு. இரும்புக்காரர் வேண்டாம் என்று விட்டுப்போவதும் வேண்டும்.

தெற்குத் தெருவிலும் நடுத் தெருவிலும் வீடு வீடாகக் கொடுத்தேன். வடக்குத் தெருவுக்குப் பேச்சித்தாயிடம் கொடுத்தனுப்பினேன். அந்தத் தெரு முனையில் மரகதவல்லி டீச்சர் இருக்கிறார். நானும் அவரும் ஒரே பள்ளியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தோம். எட்டு வருடமாகப் பேச்சு இல்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. வடக்குத் தெருவில் அவர் சொன்னால்தான் இலை அசையும், அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் வீட்டு மாடிக் கொடியில் இன்று இரண்டு புடவைதான் காய்ந்தது. மகன் ஊருக்குப் போய்விட்டான் போலிருக்கிறது.

ஜூன் 23, வெள்ளி

முதல் வசூல் நாள். பேச்சித்தாய் வண்டியை அலம்பிக் கொண்டுவந்தாள். நான் பள்ளியில் உபயோகித்த மணியை எடுத்துக்கொண்டேன். மூன்று தெருவிலும் மணியடித்துக்கொண்டு போனோம். கிடைத்தது: ஸ்டெல்லா வீட்டில் ஒரு கட்டுப் பேப்பர், கமால் பாய் வீட்டில் ஒரு துருப்பிடித்த கட்டில். அவ்வளவுதான். மற்ற வீட்டார் எல்லாம் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கடைசியில் பலசரக்குக் கடை அய்யாத்துரை அண்ணாச்சிதான் வாயைத் திறந்தார். “வெள்ளிக்கிழமை அதுவுமா வீட்டுச் சாமானை வெளிய அனுப்பச் சொல்றீகளே டீச்சர். லெச்சுமியும் கூடப் போயிருவா.”

“அண்ணாச்சி, அது உடைஞ்ச மிக்சி.”

“உடைஞ்ச மிக்சின்னா லெச்சுமி உக்கார மாட்டாளாக்கும்?”

முப்பத்தொரு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் கிழமை பார்க்கத் தெரியாமல் போனேன். பேச்சித்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். “எனக்குத் தெரியும் டீச்சர். நீங்க மணியெல்லாம் எடுத்திட்டு வந்தீகளா, சொல்ல மனசு வரல.”

ஜூன் 24, சனி

இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியாது. சனிக்கிழமை இரும்பு வாங்கத்தான் கூடாதாம்; கொடுத்தால் பீடையும் சேர்ந்து போகும் என்று அண்ணாச்சியே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வண்டி ஆறு நடை போயிற்று. பதினோரு மிக்சி, ஏழு இஸ்திரிப்பெட்டி, மூன்று சக்கர சைக்கிள் நான்கு, ஒரு டஜனுக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலி, ஆட்டுக்கல்லைச் சுற்றுகிற மோட்டார் ஒன்று, யாருடையதென்றே தெரியாத செயற்கைப் பல் ஒரு செட். பூட்டிய கொட்டகைக்கு முன்னால் உள்ள சிமெண்டுத் தளத்தில் குவிக்க ஆய்வாளர் அனுமதி கொடுத்திருக்கிறார். ஏழு பெண்களும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே பிரிக்கிறார்கள்.

ஒரு பதிவேடு போட்டிருக்கிறேன். எண், வீடு, பொருள். கால் வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஜூலை 1, சனி

வடக்குத் தெருவும் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. பேச்சித்தாய் சொன்னாள், “மரகதம் டீச்சர் வீட்டுல ஃபேன் ரெண்டு கொடுத்தாக. நீங்க நல்லா இருக்கீகளான்னு கேட்டாக.”

“என்ன சொன்னே?”

“காலு வலிக்குன்னு சொன்னேன்.”

“அதை எதுக்குச் சொன்னே?”

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 5, புதன்

ஆச்சரியம். நான் நடுத் தெருவில் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டுக்காரர் தானாகவே ஏணி போட்டு ஏறி எங்கள் வீட்டுப் பரணைக் காலி செய்து, வண்டியிலும் ஏற்றிவிட்டிருக்கிறார். கல்யாணமாகி முப்பத்தேழு வருடத்தில் சொல்லாமல் செய்த முதல் வேலை.

“என்னென்ன கொடுத்தீங்க?”

“கைக்குக் கிடைச்சதெல்லாம். ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நம்ம வீட்டுல வச்சுக்கலாமா?”

நியாயம்தான். பதிவேட்டில் எழுதினேன்: எண் 214, சிவஞானம் வீடு, எவர்சில்வர் ஐந்து. சந்தோஷத்தில் போய்ப் பார்க்கவில்லை.

ஜூலை 7, வெள்ளி

லாரியில் பாதிக்கு வந்திருக்கும் என்கிறாள் பேச்சித்தாய். இன்னும் பாதி வேண்டும். எனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. பள்ளியில் வருடா வருடம் அறிவியல் கண்காட்சி வைப்போம். எந்தப் பெற்றோரும் தன் பிள்ளை செய்ததை மட்டும் பார்த்துவிட்டுப் போனதில்லை. மற்றப் பிள்ளைகள் செய்ததைப் பார்த்துவிட்டுத்தான் மறு வருடம் அட்டையும் பசையும் வாங்கிக் கொடுத்தார்கள். அதே மாதிரி, இதுவரை சேர்ந்ததை வரிசையாக அடுக்கி, வகையும் பதிவேட்டு எண்ணும் எழுதிய சீட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலனியையே கூப்பிட்டால் என்ன? பக்கத்து வீடு இவ்வளவு கொடுத்திருக்கிறதா என்று பார்த்தால் நாமும் கொடுக்கத் தோன்றும்.

ஏழு பெண்களுக்கும் யோசனை பிடித்துவிட்டது. எவர்சில்வர் பாத்திரங்களை விளக்கிப் பளபளவென்று வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 9, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு நூறு பேருக்குக் குறையாமல் வந்துவிட்டார்கள். “இரும்பு”, “அலுமினியம்”, “பிளாஸ்டிக்”, “மின்சாதனம்”, “எவர்சில்வர்” என்று நானே சீட்டு எழுதி ஒட்டியிருந்தேன். ஒரு மிக்சியைப் பிரித்து வைத்து, இதற்குள் இருக்கும் செம்புக் கம்பியை நீட்டினால் இந்தக் கொட்டகையைப் பல தடவை சுற்றலாம் என்று விளக்கினேன். கைதட்டினார்கள். அரை மணி நேரம் அப்படிப் போயிற்று.

பிறகு எவர்சில்வர் வரிசைக்கு முன்னால் ஒரு அம்மா குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

விசேஷத்துக்குப் பாத்திரம் கொடுத்தால், கொடுப்பவர் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டித்தான் கொடுப்போம். இது எனக்குத் தெரியாததா? எத்தனையோ கல்யாணத்துக்கு நானே பாத்திரக் கடையில் காத்து நின்று பெயர் வெட்டி வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயர்களை எல்லாம் விளக்கி, வெயிலில் மின்னும்படி, எல்லாரும் படிக்கும் பக்கம் திருப்பி வைத்திருந்தேன்.

“ஏ மதினி, இது நான் ஒங்க மக கல்யாணத்துக்கு எடுத்த தாம்பாளம்ல?”

“இல்ல மதினி, இது வேற மாதிரி...”

“எம் பேரு போட்டிருக்கு. இதுல வேற மாதிரி என்ன?”

“அப்ப அந்தச் சம்படம் என்ன? அதுல எங்க வீட்டுக்காரர் பேரு இருக்கே. நீங்க மட்டும் பூசையிலயா வச்சிருந்தீக?”

ஐந்தே நிமிடத்தில் எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாரும் பாத்திரங்களின் கழுத்தைத்தான் பார்த்தார்கள். அய்யாத்துரை அண்ணாச்சி தன் பெயர் போட்ட டம்ளர்களை ஆறு வேறு வேறு பதிவு எண்ணில் கண்டுபிடித்தார். “நான் கொடுத்தா மட்டும் எவனும் தண்ணி குடிக்க மாட்டானா?” என்று கேட்டுக்கொண்டே எண்ணினார்.

அந்த நேரத்தில்தான் மரகதவல்லி டீச்சர் ஒரு குடத்துக்கு முன்னால் நிற்பதைப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி “மரகதவல்லி”, அதன் கீழே ஒரு தேதி. எங்கள் வீட்டில் பால் காய்ச்சிய தேதி. சீட்டில் எண் 214.

அவர் சத்தம் போடவில்லை. என்னிடம் வந்தார். “இந்தக் குடம் எந்த வீட்டுல இருந்து வந்தது?”

எட்டு வருடத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“பதிவேட்டைப் பாக்கணும்” என்றேன்.

பதிவேடு என் கையில்தான் இருந்தது.

ஜூலை 10, திங்கள்

வடக்குத் தெருவில் பத்தொன்பது வீட்டார் சாமானைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். நாற்காலியைக்கூட.

ஜூலை 12, புதன்

லாரியில் கால்வாசிகூட இராது. பேச்சித்தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தளத்தில் உட்கார்ந்து ஒயரை உரித்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், நாங்க தினமும் பேரு பாத்துத்தான் எடுக்குறோம். கல்யாணப் பத்திரிக்கை, மருந்துச் சீட்டு, பெயிலான மார்க் சீட்டு. எந்த வீட்டுல யாரு யாருகூடப் பேசலன்னு எங்க ஏழு பேருக்கும் தெரியும். வாயத் திறக்கிறதில்ல. ஒரு நாள் நீங்க தெறந்துட்டீக.”

“இப்ப என்ன செய்ய?”

“பேரு இல்லாத சாமானுக்குத் தொந்தரவு இல்ல. பேரு இருந்தா, அந்த வீட்டுக்காரகளே தூக்கிட்டுப் போயி, பேருக்காரககிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டும். போடலாம்னு அவுக சொன்னா வண்டியில ஏத்துறோம். வேணும்னா வச்சுக்கிடட்டும்.”

“யாரு போவா? வெக்கப்பட மாட்டாங்களா?”

“மொதல்ல ஒரு ஆளு போனா எல்லாரும் போவாக” என்றாள். உரிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். “எண் 214 யாரு வீடுன்னு நான் யாருகிட்டயும் சொல்லல.”

ஜூலை 13, வியாழன்

மழை வரும் போலிருந்தது. போகவில்லை.

ஜூலை 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை.

ஜூலை 16, ஞாயிறு

மரகதம் டீச்சரின் கணவர் இறந்தபோது நான் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். தூத்துக்குடியில். மூன்றாம் நாள்தான் போனேன். முகாம் என்றால் நினைத்தபோது வர முடியாது என்பது ஒரு டீச்சருக்குத் தெரியாதா? அவர் வாசலில் நின்று, “வேலையெல்லாம் முடிஞ்சதா?” என்று கேட்டார். அதற்கு மேல் நான் உள்ளே போகவில்லை. இதில் என் தவறு என்ன?

வீட்டுக்காரர் கேட்டார், “எப்ப போகப்போறே?”

“எங்க?”

செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் மடித்து வைப்பது அபூர்வம். “நான் வேணா அந்தக் குடத்தை எடுத்திட்டுப் போகட்டுமா? எறக்கினது நான்தானே.”

வேண்டாம் என்றேன்.

ஜூலை 18, செவ்வாய்

இன்னும் பதிமூன்று நாள். பேச்சித்தாயின் கையில் புண் ஆறவில்லை, கிடங்கில் தூசி. அவள் ஒன்றும் கேட்கவில்லை. தாள் திருத்தும்போது தெரியும்: விடை தெரியாத பிள்ளை பக்கத்தை வெற்றாக விடாது. கேள்வியையே திரும்பத் திரும்ப எழுதி வைக்கும். இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

ஜூலை 19, புதன்

போய்விட்டு வந்தேன்.

காலை ஒன்பது மணிக்குக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க வடக்குத் தெருவில் நடந்தேன். முந்தானையைப் போட்டு மூடியிருக்கலாம். மூடவில்லை. மரகதம் கதவைத் திறந்தாள்.

“திருப்பிக் கொடுக்க வந்தியா?”

“இல்ல. கேக்க வந்தேன். லாரியில போடலாமான்னு.”

“பத்து நாளாச்சே. பதிவேடு பாத்து முடிச்சாச்சா?”

“பதிவேடு அன்னைக்கே எங் கையிலதான் இருந்தது.”

“பாத்தேன். குடத்துல தேதி போட்டிருக்குல்ல புஷ்பம். எந்த வீடுன்னு எனக்குத் தெரியாதா? நீ சொல்றியான்னு பாத்தேன்.”

உள்ளே வா என்று சொல்லவில்லை. ஆனால் கதவை விட்டு நகர்ந்து நின்றாள். போனேன்.

“பத்தொன்பது வருஷத்துல ஒரு நாளாவது இதுல தண்ணி பிடிச்சியா?”

“ஒரு நாள் பிடிச்சேன்.”

“ஏன், ரெண்டாம் நாள் தாகம் எடுக்கலையா?”

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. “ஒழுகிச்சு மரகதம்.”

அவள் நம்பவில்லை. குடத்தை வாங்கிக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்து நிரப்பினாள். இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தோம். அடித்தட்டு ஒட்டின இடத்திலிருந்து நூல் மாதிரி தண்ணீர் இறங்கியது.

“பால் காய்ச்சின அன்னைக்கே ஒழுகிச்சா?”

“அன்னைக்கே.”

“சொல்றதுக்கு என்ன? கடைக்காரன் மூஞ்சியில எறிஞ்சு மாத்திக் கொடுத்திருப்பேனே.”

“ஆசையா வாங்கிக் கொடுத்தே. சொன்னா சங்கடப்படுவேன்னு பரண்ல ஏத்திட்டேன்.”

அவள் குழாயை மூடினாள். “நீ சொல்லாம பரண்ல ஏத்தினது இது ஒண்ணுதானா?”

நின்றுகொண்டே சொன்னேன். “முகாம் தினமும் நாலு மணிக்கு முடிஞ்சிரும் மரகதம். பஸ் ஒண்ணரை மணி நேரம். அன்னைக்கே வந்திருக்கலாம். அந்த வீட்டுக்குள்ள உன்னை எப்படிப் பாக்கிறதுன்னு பயமா இருந்தது. ரெண்டு நாளும் முகாம் முடிஞ்சு பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்துட்டுத் திரும்ப விடுதிக்கே போயிட்டேன்.”

குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

“எட்டு வருஷம் கழிச்சு மணி நாலாச்சாக்கும்” என்றாள்.

அழுதாளா சிரித்தாளா என்று எழுதத் தெரியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, “பிடிச்சுக்கோ, விழுந்தா அதுக்கும் லேட்டாத்தான் வருவே” என்று சொல்லிக்கொண்டே பரணில் ஏறினாள். மேலே இருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். மூன்று தட்டு, ஒரு வாளி. எல்லாவற்றிலும் என் பெயர், “தங்கபுஷ்பம்”.

“ஒண்ணுலயும் யாரும் சோறு திங்கல. இவ்வளவு லேசான தகட்டை எங்க தேடிப் பிடிச்சே?”

“தள்ளுபடியில” என்றேன்.

“அதான பாத்தேன். லாரியில போடவா?”

“போடு.”

திரும்பி வரும்போது குடத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தோம். கனமே இல்லாத குடத்துக்கு இரண்டு பேர். தெருவே வாசலில் நின்றது.

ஜூலை 22, சனி

பேச்சித்தாய் சொன்னது பலித்துவிட்டது. இரண்டு நாளாகக் காலனியில் யாரும் கையில் பாத்திரம் இல்லாமல் நடக்கவில்லை. “போடலாமா?” “போடுங்க. ஒங்களது நாலு எங்க வீட்டுல இருக்கு, அதையும் போடலாமா?” இதுதான் பேச்சு. வெளியூர்ப் பெயர்க்காரர்களுக்குப் போன் செய்து கேட்கிறார்கள். நடுத் தெருவில் ஒருவர் திருநெல்வேலியில் இருக்கும் தன் அத்தானிடம் ஆறு வருடத்துக்குப் பிறகு பேசியது ஒரு இட்லிக் கொப்பரையை முன்னிட்டுத்தான். இரண்டு மணி நேரம் பேசினாராம். சிலர் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார்கள், அதுவும் நல்லதுதான். அண்ணாச்சி தன் டம்ளர்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வண்டியில் போட்டார். “இனிமே பேரு வெட்டிக் கொடுக்கிறதில்ல டீச்சர். நானும் யாருன்னு தெரியாம இருந்துக்கிடுறேன்.”

பாத்திரம் இறங்கிய பரணிலிருந்து மற்றதும் இறங்குகிறது. மாவரைக்கும் இயந்திரம், டேப் ரெக்கார்டர், பெயர் தெரியாத எத்தனையோ. மரகதம் மணியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். “உனக்கு அடிக்கத் தெரியல” என்கிறாள்.

ஜூலை 29, சனி

வண்டி ஒன்பது நடை. பதிவேடு தீர்ந்து இரண்டாவது நோட்டு.

ஜூலை 31, திங்கள்

லாரி மதியம் இரண்டு மணிக்கு வந்தது. ஆய்வாளரும் வந்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். பேச்சில் மரியாதை, பார்வையில் கண்டிப்பு. ஐந்து மணிக்கு லாரி கிளம்ப வேண்டும், பின்கதவு மட்டத்துக்கு வர வேண்டும் என்றார்.

ஏழு பெண்களும் மேலேயும் கீழேயும் நின்று ஏற்றினார்கள். அடியில் இரும்பு, அதன் மேல் மூட்டை, மேலே பிளாஸ்டிக். காலனி முழுவதும் வேடிக்கை. நாலேகாலுக்குக் கடைசி நாற்காலியை ஏற்றினார்கள். ஆய்வாளர் பின்னால் வந்து கதவு விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்தார். சரியாகக் கதவு மட்டம். ஒரு விரல்கூடக் கூடுதல் இல்லை. மரகதம் என் கையைப் பிடித்தாள், வலித்தது.

அப்போது பேச்சித்தாய் லாரி மேலிருந்து, “ஏழு நாற்காலிய எறக்குங்க” என்றாள்.

ஆய்வாளர் திரும்பினார். “எதுக்கும்மா?”

“கால் உடையாதது ஏழு இருக்கு சார். கொட்டகைக்குள்ள மேசை இருக்கு, நாற்காலி இல்ல. ஜன்னல் வழியா பாத்தேன்.”

“அதை எறக்கினா மட்டம் குறையும். குறைஞ்சா நான் எப்படி எழுதுறது?”

“உக்காராம எப்படி சார் பிரிக்கிறது? இருபது வருஷமா குனிஞ்சாச்சு. கொட்டகை கெடைச்சும் நாங்க குனியத்தான் போறோம்னா, அது எதுக்கு?”

ஒரு மாதம் சேர்த்தது, ஏழு நாற்காலியில் போய்விடுமே. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவளே குனிந்து முதல் நாற்காலியைத் தூக்கிக் கீழே கொடுத்தாள். ஒவ்வொன்றாக ஏழும் இறங்கின. மட்டம் ஒரு சாண் தாழ்ந்தது.

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு இருபத்தஞ்சு. அஞ்சு வரைக்கும் நேரம் இருக்கு” என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, டீக்கடைப் பக்கம் நடந்தார்.

அண்ணாச்சிதான் முதலில் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அதன் பிறகு காலனியே ஓடியது. பரண் காலியாகிவிட்டது, இனி கொடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இருந்தது. கட்டிலுக்கு அடியில், மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். பிளாஸ்டிக் வாளி, ஓட்டை டிரம், தகரக் கதவு, பீரோவின் ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் பத்து வருடச் செய்தித்தாளைக் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்தார், மூன்று நடை. யாரும் கேட்காமல். ஸ்டெல்லா, “இது நாளைக்கு வேணும், பரவாயில்ல” என்று சொல்லிக்கொண்டே ஒரு துணி காயப்போடும் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கிப் போட்டாள்.

ஆய்வாளர் வந்தபோது நாலு ஐம்பது. மேலே கயிறு கட்டியிருந்தார்கள். மட்டத்துக்கு மேல் இரண்டு சாண்.

அவர் கையெழுத்துப் போட்டார். சாவியைப் பேச்சித்தாயிடம் கொடுத்தார். கைதட்டல் அடங்கவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, விசிறியைப் போட்டு, ஏழு நாற்காலிகளையும் மேசையைச் சுற்றி இழுத்துப் போட்டாள். ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். ஒன்றும் செய்யவில்லை. பிரிக்க அங்கே ஒரு துரும்புகூட இல்லை. கையை மேசை மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

லாரி போன சத்தத்துக்குக்கூட அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

பக்கத்து வார்டுப் பெண்களும் இதே மாதிரி சேர்க்கப் போகிறார்களாம். எப்படிச் செய்தீர்கள் என்று எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று ஆய்வாளர் கேட்டார். இந்த நோட்டுதான் இருக்கிறது. ஜூலை 9ஐயும் 16ஐயும் கிழித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். மரகதம் வாங்கிப் படித்தாள். “கிழிச்சா கணக்கு உதைக்கும், அப்படியே கொடு” என்றாள்.

அதனால் இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பரணிலிருந்து பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்றை இறக்கி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு பெயருக்கு உரியவர் வீட்டுக்கு நேரில் போய், “இதைப் போடலாமா?” என்று கேளுங்கள்.